ஈரத்துக்கு இரண்டு புள்ளி

மழை பெய்தால் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளி குறைகிற பள்ளிக்கூடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வட்டகொடை ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறும் பாதையில், தேயிலைக்கு நடுவே, பாதி தகரமும் பாதி ஓடுமாக அது நின்றது. அங்கே தலைமையாசிரியராக இருந்தவரின் சொந்தப் பெயர் எங்கள் கந்தோர்ப் பதிவேட்டில் எங்கோ எழுதப்பட்டிருந்தது. ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கடைக்காரரும் தபால்காரரும் அவருடைய மனைவியும்கூட அவரைப் பெரட்டு மாஸ்டர் என்றே சொன்னார்கள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் நுவரெலியாவில் வித்தியா கந்தோரில், அதாவது கல்வி அலுவலகத்தில், லிகிதர். பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் அதிகாரிக்கு அப்போது வித்தியாதரிசி என்று பெயர். அவர் வெளியே போகும்போது பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதும், திரும்பி வந்து அவர் நினைத்ததை அவர் நினைத்ததைவிட மரியாதையாக எழுதுவதும் என் வேலை. எந்த விஷயத்துக்கு எந்தச் சுற்றறிக்கை, அதற்கு எந்தத் திருத்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது யாரும் எழுப்பிக் கேட்பதில்லை.

தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, நீ இந்த மலைக்கு, நீ அந்த மலைக்கு என்று வேலை பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். மாஸ்டர் வாத்தியாராவதற்கு முன் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பெரட்டு எடுப்பது, கொழுந்து நிறுப்பது, ஆட்களுக்கு அன்றைய கூலிக்குப் பேர் போடுவது எல்லாம் அவர் கையில் இருந்தது. பிறகு தோட்டத்துத் துரையோடு மனஸ்தாபம். துரையின் நாயைப் பற்றி இவர் சொன்ன அபிப்பிராயத்தைத் துரை தன்னைப் பற்றியதாக எடுத்துக்கொண்டார் என்று கேள்வி. வேலை போயிற்று. பரீட்சை எழுதி வாத்தியாரானார். ஆனால் மனிதர்களைக் கூட்டிவைத்து ஒரு காரியம் செய்விக்க அவருக்கு ஒரு வழிதான் தெரியும். அதைப் பள்ளிக்கூடத்துக்கு அப்படியே கொண்டுவந்துவிட்டார்.

காலையில் முற்றத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் ஓங்கி ஒரு அடி. பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து நிற்பார்கள். மாஸ்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொடங்குவார்.

“ஆறாங் கிளாஸ், கணக்கு மலைக்குப் போ. ஏழு, தமிழு. எட்டு, பூகோளம். நேத்து ஆப்பிரிக்காவுல பாதியில விட்டுட்டு எறங்கி வந்திருக்கீங்க. அத முடிக்காம அடுத்த கண்டத்துல கால் வெக்கக் கூடாது. என்னடா முனியாண்டி, பல்லு தெரியுது?”

“ஒன்னுமில்லைங்க சார்.”

“அப்ப மூடு. குளிர்ல கூசிப் போகும்.”

பிந்தி வந்தவனுக்கு அரைப் பேர். தோட்டத்தில் பாதி வேலை செய்தவனுக்குப் பாதி நாள் பேர் விழுவதுபோல, இங்கேயும் விழும். இதன் விளைவாக, எட்டாம் வகுப்பில் அந்த மாதம் சராசரியாக இருபத்தாறரைப் பிள்ளைகள் வந்தார்கள் என்று எங்கள் கந்தோருக்கு ஒரு தகவல் வந்தது. அரைப் பிள்ளை என்பது மேல் பாதியா, கீழ்ப் பாதியா என்று நான் கேட்டனுப்பினேன். பிந்தி வந்த பாதி என்று பதில் வந்தது. என் சேவைக் காலத்தில் இவ்வளவு நேரடியான பதிலை நான் வேறு எந்தத் தலைமையாசிரியரிடமிருந்தும் பெறவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பாடமும் ஒரு மலை. கணக்கு செங்குத்தான மலை, ஏறும்போது யாரும் பேசக் கூடாது. ஆங்கிலம் அட்டை கடிக்கிற மலை, காலை உதறிக்கொண்டே வேகமாகக் கடந்துவிட வேண்டும். விஞ்ஞானம் புதிதாக வெட்டித் திருத்திய மலை, கொழுந்து வர நாளாகும், பொறுமை வேண்டும். சரித்திரம் வெள்ளைக்காரன் முதன்முதலில் நட்ட பழைய தேயிலை. அதைச் சில வருஷத்துக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்ட வேண்டும் என்பது மாஸ்டரின் உறுதியான கொள்கை. பாடப்புத்தகத்தைத் திறந்து, பென்சிலால் ராஜாக்களை முட்டியளவுக்கு வெட்டித் தள்ளுவார்.

“இந்த ராசா என்ன செஞ்சாரு?”

“கோயில் கட்டினாரு சார்.”

“அதுக்கு முந்தின ராசா?”

“அவரும் கோயில் கட்டினாரு சார்.”

“அப்ப ஒருத்தர் போதும். வெட்டு.”

தமிழ்க் கட்டுரைக்கு அவர் வைத்த சட்டம் இரண்டு இலை, ஒரு அரும்பு. தோட்டத்தில் கிள்ள வேண்டியது அவ்வளவுதான். முற்றிய இலையும் காம்பும் கூடையில் இருந்தால் கணக்கப்பிள்ளை எடுத்து வீசிவிடுவார். மாஸ்டரும் வீசினார். வகுப்பில் முதலாவதாக வந்த நாகம்மா ஒருமுறை சூரிய உதயத்தைப் பற்றிப் பக்கம் நிறைய எழுதிக் கொண்டுபோனாள்.

“‘கண்ணைக் கவரும், மனத்தை மயக்கும், எழில் கொஞ்சும்.’ என்ன புள்ள இது? எல்லாம் முத்தலு. சூரியன் வந்துச்சா, இல்லையா?”

“வந்துச்சு சார்.”

“அத எழுது.”

அதன் பிறகு எங்கள் மேலிடத்துச் சுற்றறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம், இதில் நிறுக்கத் தகுந்த கொழுந்து எவ்வளவு தேறும் என்று கைகள் தாமாகக் கிளறத் தொடங்கிவிட்டன. பெரும்பாலும் தேதி மட்டும் தேறும்.

குடியியல் பாடம் ஒன்றில்தான் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். நாம் வாக்களித்து நமது அரசாங்கத்தைத் தெரிவு செய்கிறோம் என்று புத்தகம் சொன்னது. இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்கள் என்பதால் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு வாக்குரிமை போய்ச் சில வருஷமாகியிருந்தது.

“நாம்னா யாருங்க சார்?” என்றான் முனியாண்டி.

மாஸ்டர் புத்தகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். “அது பக்கத்துத் தோட்டத்து மலை. இப்பதைக்கு வேலிக்கு இந்தப் பக்கமா நின்னு நல்லாப் பாத்து வெச்சுக்க. பரீட்சையில கேப்பான்.”

இனி மழை. நனைந்த கொழுந்து எடை கூடும் என்பதால், மழை நாளில் நிறுக்கும்போது ஈரத்துக்கென்று சில றாத்தல்களைக் கழிப்பது தோட்டத்து வழக்கம். மாஸ்டர் மழை நாளில் நடந்த பரீட்சையில் ஈரத்துக்கென்று ஆளுக்கு இரண்டு புள்ளி கழித்தார். நுவரெலியாப் பக்கத்து மழையை அறிந்தவர்கள் இதன் பொருளை உணர்வார்கள். அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பாடத்திலாவது நூறு எடுத்த பிள்ளை கிடையாது. பிள்ளைகளும் வீட்டாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை பெய்தால் கழிப்பார்கள். அதுதானே உலக வழக்கம்?

வினை வந்தது ஒன்பதாம் வகுப்பால்.

அந்தக் காலத்தில் தோட்டப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். எட்டு வரை இருந்ததே இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெருமை. அடுத்த ஜனவரியில் ஒன்பதாம் வகுப்பைத் திறந்தால் பிள்ளைகள் எஸ்.எஸ்.சி. பரீட்சை வரை இங்கேயே போய்விடலாம். திறக்காவிட்டால் எட்டாம் வகுப்பு அப்படியே தேயிலைக்குள் இறங்க வேண்டியதுதான். நாகம்மாவின் தகப்பன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து வறுக்கிறவர், நல்ல மனிதர். “ஒன்பது வந்தா படி தாயி, நான் தடுக்கல. வரலைன்னா தோட்டத்து வேலைக்குப் பேரு பதிஞ்சிர வேண்டியதுதான்” என்று சொல்லியிருந்தார். அம்மா அதற்கும் காத்திருக்கவில்லை. புதுக் கூடை ஒன்றை வாங்கி லயத்து வீட்டுக் காம்பராவில் தொங்கவிட்டிருந்தாள்.

ஒன்பதாம் வகுப்புக்கு அனுமதி வேண்டுமானால் எட்டாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில் குறித்த சராசரியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எவ்வளவு குறைந்தது என்றால், சரியாக ஈரத்தின் அளவுக்கு.

இது விஷயமாக நேரில் பார்த்து முடிவு சொல்ல வித்தியாதரிசி புறப்பட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், ஒல்லி, நேர்மையானவர். மலைநாட்டுக் குளிரைத் தமக்கு எதிராக யாரோ எழுதிப் போட்ட புகார்ப் பெட்டிசம் என்று நினைத்து, கழுத்தில் மப்ளரோடு அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பவர். நானுஓயாவில் ரயில் ஏறியதும், அந்தப் பரீட்சை வாரம் முழுக்க மழை என்பதை மெதுவாகச் சொன்னேன்.

“மழைக்கும் புள்ளிக்கும் என்ன காணும் சம்பந்தம்?”

விளக்கினேன். வட்டகொடையில் இறங்கிய பிறகு, “உந்த ஆளை ஒருக்காப் பாக்கத்தான் வேணும்” என்றார்.

நாங்கள் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பெரட்டு நடந்துகொண்டிருந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் உள்ளே போய்விட்டன. எட்டாம் வகுப்பு மட்டும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தது.

“எட்டாங் கிளாஸ், சரித்திரம்” என்றார் மாஸ்டர். ஒருவரும் அசையவில்லை. தண்டவாளத்தில் மறுபடி ஓர் அடி. “காது கேக்கலையா? சரித்திரத்துக்குப் போங்க.”

நாகம்மா எழுந்தாள். “போக மாட்டோம் சார். வேலை நிறுத்தம்.”

மாஸ்டர் பிரம்பைத் தேடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. ஒரு காரியம் அதற்குரிய முறைப்படி நடப்பதைப் பார்க்கிற மனிதனின் திருப்திதான் இருந்தது.

“யாரு தலைவி?”

“நாந்தாங்க சார்.”

“கமிட்டி?”

முனியாண்டி கையைத் தூக்கினான்.

“முன்கூட்டிச் சொன்னீங்களா?”

“நேத்தே சொன்னோம் சார். போயி தண்ணி குடிச்சிட்டு வா, சரியாப் போகும்னீங்க.”

“சரி. பேசு.”

வித்தியாதரிசி என் காதருகே குனிந்தார். “இதென்ன காணும், பள்ளிக்கூடமோ, தோட்டமோ? இதுக்கு ஏதும் சட்டம் இருக்கோ?”

“ஆசிரியர்கள் வேலை நிறுத்தம் செய்தால் சுற்றறிக்கை இருக்கிறது சேர். பிள்ளைகள் செய்தால் இல்லை.”

நாகம்மா எங்களைப் பார்த்தாள். “தொரை வந்திருக்காரு. தொரை முன்னாலயே பேசுறோம்.”

“அவரு தொரை இல்ல புள்ள, வித்தியாதரிசி ஐயா.”

“முடிவு சொல்றது அவருதானே சார்? அப்ப தொரைதான்.” அவள் வித்தியாதரிசியின் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். “ஐயா, கொழுந்து நனைஞ்சா கனக்கும். அதுக்குக் கழிக்கிறாங்க, நியாயம். கணக்கு நனையுமாங்க? நாங்க மழையில எழுதினாலும் ஏழெட்டு அம்பத்தாறுதான். வெயில்ல எழுதினாலும் அம்பத்தாறுதான். எங்க ரெண்டு புள்ளிய எங்களுக்குக் குடுத்துட்டா ஒன்பதாங் கிளாஸ் வந்துரும். இல்லைன்னா நாங்க எல்லாம் கூடையத் தூக்கிக்கிட்டுப் போக வேண்டியதுதான்.”

சொல்லி முடித்த பிறகும் அவள் அவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

வித்தியாதரிசி மாஸ்டரைப் பார்த்தார். “பிள்ளை கேக்கிறது சரிதானே, மாஸ்டர்? என்ன நியாயத்தில கழிச்சனீர்?”

“ஐயா, கூரையப் பாருங்க” என்றார் மாஸ்டர். “இந்தப் பாதி ஒழுகும், அந்தப் பாதி ஒழுகாது. மழை வந்தா மொத்த கிளாசும் ஒழுகாத பக்கமா வந்து ஒன்னுக்குள்ள ஒன்னா ஒண்டிக்கும். அப்ப நாகம்மா சிலேட்டுல உள்ளது பக்கத்து சிலேட்டுக்கு ஊறும். அங்க இருந்து முனியாண்டிக்கு ஊறும். அந்த ஈரத்துக்குத்தான் கழிக்கிறேன். எம் புள்ளைங்களுக்குப் பொய் எடை போட்டு அனுப்ப மாட்டேன். நாளைக்கு எஸ்.எஸ்.சி.யில போயி குறைஞ்சு நிக்கும்.”

பைத்தியக்காரத்தனம் என்று நான் பல காலமாக நினைத்திருந்த ஒரு பழக்கத்துக்குள் இப்படி ஒரு நியாயம் உட்கார்ந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“அப்ப கூரையத் திருத்திக் குடுங்க” என்றான் முனியாண்டி, கமிட்டி என்ற முறையில்.

எல்லாரும் வித்தியாதரிசியைப் பார்த்தார்கள். வித்தியாதரிசி என்னைப் பார்த்தார். கூரை எங்கள் அதிகாரத்தில் இல்லை, அது எங்களுக்கு மேலே இரண்டு கந்தோர்களும் கீழே இரண்டு கந்தோர்களும் தாண்டி வர வேண்டியது என்று சொன்னேன். அது உண்மை. உண்மைகள் சில சமயம் எப்படி ஒலிக்கும் என்பதை அன்றைக்கு அறிந்தேன்.

வித்தியாதரிசி மப்ளரை இறுக்கிக் கட்டினார். “சரி. ஒருத்தரில ஒருத்தர் ஊறாமல் இருத்தும். நானே சோதிக்கிறன். எல்லாப் பாடமும்.”

“சோதனை வெச்சா வேலை நிறுத்தம் முடிஞ்ச மாதிரி ஆகிருமே” என்றாள் நாகம்மா.

“ஆகாது” என்றார் மாஸ்டர். “பேச்சுவார்த்தையில ஒரு பகுதின்னு எடுத்துக்க.”

ஒழுகுகிற கட்டடத்துக்குள் பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்காரவைக்க இடமில்லை. மாஸ்டர் அவர்களை முற்றத்திலேயே நிறுத்தினார். தேயிலைக் கன்று நடுகிறவர்போல ஒரு தடியை அளவுக்கு வைத்துக்கொண்டு, நிரை பிடித்து, ஒவ்வொரு பிள்ளையாக நட்டுக்கொண்டே போனார். கடைசிப் பிள்ளையை நட்டு முடிக்கவும், பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வரவும் சரியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்தைக் காணோம். பிறகு பிள்ளைகளைக் காணோம். வித்தியாதரிசியை மட்டும் இருமலை வைத்து இருக்கிற இடம் கண்டுபிடிக்கலாம். பக்கத்துச் சிலேட்டைப் பார்ப்பது இருக்கட்டும், தன் சிலேட்டையே பிள்ளை மூக்கருகே வைத்துத்தான் பார்க்க வேண்டும். இலங்கையில் இதைவிடக் கண்டிப்பான பரீட்சை மண்டபம் இருந்ததில்லை.

வித்தியாதரிசி நிரை நிரையாக நடந்து, பெயரைக் கேட்டு, கேள்வியைப் போட்டார். நான் பின்னாலேயே தடவித் தடவிப் போய்ப் புள்ளி போட்டேன். பின்னக் கணக்கு, வட்டிக் கணக்கு. நைல் நதி எங்கே தொடங்குகிறது? ஒல்லாந்தர் எதற்கு வந்தார்கள்? “கறுவாப்பட்டைக்கு” என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. வேறு எதையும் அது சேர்க்கவில்லை. இரண்டு இலை, ஒரு அரும்பு. ஆங்கிலத்தில் அட்டை கொஞ்சம் கடித்தது, ஆனால் யாரும் விழவில்லை.

“மூடுபனி எப்பிடி உண்டாகுது?” என்றார் வித்தியாதரிசி, பொருத்தமாக.

“இப்ப வந்த மாதிரிதாங்க ஐயா” என்றான் முனியாண்டி.

பனி முழுவதும் சிரித்தது. அந்தக் கேள்விக்கு அவனுக்குப் புள்ளி இல்லை. அடுத்த நிரையில் நின்ற பிள்ளை, ஈரக் காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து சிறு துளிகளாகும் என்று சரியாகச் சொன்னது.

கடைசி ஆள் நாகம்மா. கணக்குகளை அவர் கேட்டு முடிக்குமுன் அவள் சொல்லிவிட்டாள். வித்தியாதரிசிக்குத் தமிழில் அபிமானம் அதிகம். “இந்த மூடுபனியைப் பற்றி எழுத்துத் தமிழில நல்லதா ஒரு வசனம் சொல்லும் பாப்பம்” என்றார். நல்லது என்று அவர் எதை நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். எழில், மயக்கம், வெண்பட்டு எல்லாம் வரும் என்று காத்திருந்தார்.

பிறகு அவள் சொன்னாள்: “மூடுபனியில் மலை தெரியாது. கை தெரியும்.”

“எத்தினை போடட்டும் சேர்?” என்றேன். “முழுதும் போடும்” என்றார். அவருடைய குரல் சளி பிடித்த மாதிரி இருந்தது. குளிர்தான் காரணம் என்று பிறகு ரயிலில் தாமாகவே சொன்னார்.

பனி விலகியபோது நான் கூட்டிப் பார்த்தேன். குறித்த சராசரியைத் தாண்டிவிட்டது, அரைப் புள்ளி மிச்சத்தோடு. வித்தியாதரிசி அதை உரக்கச் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

“ஐயா, மன்னிக்கணும். பனிக்கு ஒரு புள்ளி கழிக்கணும்.”

எட்டாம் வகுப்பு முழுவதும் மூச்சை நிறுத்தியது. எனக்கும் நின்றது.

“எதுக்கு?” என்றார் வித்தியாதரிசி.

“யாரு பதில் சொன்னாங்கன்னு உங்களுக்குக் கண்ணால தெரியலையே. குரல மாத்திச் சொல்லியிருந்தா?”

நாகம்மாவின் கண் நிறைந்துவிட்டது. வித்தியாதரிசி மாஸ்டரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பல்கலைக்கழகத்தில் படித்த மனிதர், பேச்சில் என்றும் நிதானம் தவறாதவர். “மாஸ்டர்” என்றார், “நான் கிட்ட நிண்டு கேட்டனான். பிள்ளையளின்ர மூச்சுச் சூடு என்ர கையில பட்டது. இனி ஒரு சொல்லுச் சொன்னீரெண்டால் இண்டைக்கு உமக்கு அரைப் பேர்தான்.”

மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்து நின்றார். “சரிங்க தொரை” என்றார்.

பிள்ளைகள் கத்திய கத்தலில் ஆறும் ஏழும் வெளியே ஓடி வந்துவிட்டன. முனியாண்டி சாக்கை மேலே எறிந்தான். அது தண்டவாளத் துண்டில் மாட்டிக்கொண்டது. கூரை திருத்தும்வரை மழை நாளில் பரீட்சை வைப்பதில்லை என்று உடன்பாடாயிற்று. ஒரே ஒரு கோரிக்கையில் மாஸ்டர் அசையவில்லை.

“இன்னைக்கு நாளுக்குப் பேரு உண்டுங்களா சார்?”

“வேலை நிறுத்தம் செஞ்ச நாளுக்கு எந்தத் தோட்டத்துல பேரு போட்டாங்க?”

தலைவி யோசித்தாள். “நியாயந்தான் சார்” என்றாள்.

ஆகவே ஒன்பதாம் வகுப்புக்குத் தகுதி பெற்ற நாளில் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூட வரவில்லை என்பதே இன்றுவரை உத்தியோகபூர்வமான நிலை. அன்று சமுகமளிக்காத மாணவர்கள் எல்லாப் பாடங்களிலும் திருப்திகரமாக விடையளித்தனர் என்று நான் எழுதினேன். மேலிடத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அனுமதி வந்தது.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கிய நாளில் நான் அங்கே இருந்தேன். வித்தியாதரிசி வரவில்லை, எனக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். மாஸ்டர் வழக்கம்போல இரும்பை அடித்துவிட்டு வேலை பிரித்துக்கொண்டு போனார். ஆறு, ஏழு, எட்டு. பிறகு ஒன்பதாம் வகுப்பின் முன்னால் வந்து நின்றார். ஒருவர் குறையாமல் எல்லாரும் நின்றார்கள். முன்னால் நாகம்மா, புதுப் பாவாடை, எண்ணெய் வைத்த தலை.

“ஒன்பதாங் கிளாஸ்...” என்றார். வாக்கியம் அதோடு நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். “ஒன்பதாங் கிளாஸ், உங்களுக்கு எந்த மலை வேணுமோ அங்க போங்க.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எல்லாத்துக்கும் போவோம் சார்” என்றாள் நாகம்மா. “மொதல்ல கணக்கு.”

அவர்கள் வரிசை கலையாமல் உள்ளே போனார்கள். மாஸ்டர் வெகுநேரம் முற்றத்திலேயே நின்று தண்டவாளத் துண்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன். என் சேவைக் காலம் முழுவதிலும், சட்டையில் சேறு படப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்விட்டு நான் பயணப்படி கேட்காதது அந்த ஒரு முறைதான்.